பழைய கேசினோ விடுதியின் பதிவேடுகளையும் நினைவுப்பொருள்களையும் ஒழுங்குபடுத்திக் காப்பது எப்படி

லாஸ் வேகாஸில் 1952 டிசம்பர் 15 அன்று திறக்கப்பட்ட சாண்ட்ஸ் ஹோட்டல் 1996 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று அதன் வட்டக் கோபுரம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த மனையில் 1999இல் வெனீஷியன் எழுந்தது. டூன்ஸ் விடுதி 1993இல் தகர்க்கப்பட்டு அவ்விடத்தில் 1998இல் பெலாஜியோ வந்தது. ஸ்டார்டஸ்ட் 2007இல், ரிவியேரா 2016இல், டிராபிகானா 2024இல் என இந்த வரிசை இன்னும் முடியவில்லை. கட்டடங்களை அடையாளத்துக்குக்கூட விட்டுவைக்காத இந்த ஊரில் ஒரு விடுதியின் வரலாறு பெரும்பாலும் இரண்டு வடிவங்களில்தான் மிஞ்சுகிறது: அலுவலக அலமாரிகளில் தேங்கிய தாள்கள் ஒன்று, விருந்தினரும் ஊழியரும் பையில் போட்டுக்கொண்டுபோன சிறு பொருள்கள் மற்றொன்று.

இவ்விரண்டுக்கும் நேரும் கதி ஒன்றல்ல. விடுதி மூடப்பட்டதும் நடக்கும் தீர்வு விற்பனையில் கட்டில், விளக்கு, சாம்பல் கிண்ணம் ஆகிய அனைத்துக்கும் விலைச்சீட்டு ஒட்டப்படுகிறது. கோப்புகளுக்கு எவரும் விலை வைப்பதில்லை, ஆகவே அவை குப்பைக்குப் போகின்றன, அல்லது முன்னாள் ஊழியர் ஒருவரின் கார் கொட்டகையில் அடைக்கலம் புகுகின்றன. இதனால் சேகரிப்பாளரிடம் ஆவணமில்லாத பொருளும், நூலகத்தில் பொருளில்லாத ஆவணமும் தனித்தனியே தங்கிவிடுகின்றன. முன்னாள் ஊழியரின் குடும்பத்தார், தனிச் சேகரிப்பாளர், சிறு அருங்காட்சியகத்தின் தன்னார்வலர் ஆகியோரில் யாரிடம் இத்தகைய பெட்டிகள் வந்து சேர்ந்தாலும், முதலில் காக்கவேண்டியது அவற்றின் வரவுச் செய்தியையே: எந்தத் தாள் எந்தப் பொருளோடு, எவர் கையிலிருந்து, எந்தப் பெட்டியில் வந்தது என்ற விவரம். துடைப்பதும் அடுக்குவதும் அதற்குப் பிறகு செய்யவேண்டியவை.

கைவைப்பதற்கு முன்

பெட்டிகளைத் திறந்தவுடன் உள்ளடக்கத்தை வெளியே கொட்டாமல், இருந்த நிலையிலேயே ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிடவேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் சொற்கள், கோப்பு உறைகளின் காதுகளில் தட்டச்சான தலைப்புகள், உறைக்குள் தாள்கள் கிடக்கும் வரிசை ஆகியவை படத்தில் தெளிவாக விழவேண்டும். கொடுத்தவர் உயிரோடிருந்தால், அவர் விடுதியில் என்ன வேலை பார்த்தார், எந்த ஆண்டுகளில் பார்த்தார், இந்தப் பொருள்கள் அவரிடம் எப்படி வந்தன என்பதைக் கேட்டுத் தேதியுடன் எழுதிவைப்பது, பின்னால் எந்த நிபுணராலும் ஈடுசெய்ய முடியாத வேலையாகும்.

ஆவணக்காப்பாளர்கள் மூல ஒழுங்கைக் கலைக்கக் கூடாது என்று வலியுறுத்துவதற்குக் காரணம் சம்பிரதாயம் அன்று. ஒரு விடுதியின் விளம்பரப் பிரிவு கலைஞர் வாரியாகக் கோப்பு வைத்திருந்தது என்று கொள்வோம். ஒரு பாடகரின் கோப்பில் அவருடைய ஒப்பந்தத்தின் நகல், பத்திரிகைக் குறிப்பின் கார்பன் படி, புகைப்படங்கள், மேசைமேல் நிறுத்திவைத்த அறிமுக அட்டை, மறுநாள் வந்த செய்தித்தாள் நறுக்கு ஆகியவை அடுத்தடுத்து இருக்கும். தேதியில்லாத புகைப்படத்துக்குத் தேதி தருவது பக்கத்தில் கிடக்கும் பத்திரிகைக் குறிப்புதான். புகழ்பெற்றவர்களின் படங்களை மட்டும் உருவி ஓர் அழகான ஆல்பத்தில் வைத்த மறுகணமே, அந்தப் படங்கள் சந்தையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் பெயரற்ற படங்களோடு சேர்ந்துவிடுகின்றன. ஒழுங்கே இல்லாமல் வாரிப்போட்ட பெட்டியில் மட்டுமே நாமாக ஓர் ஒழுங்கை உருவாக்கலாம். அப்போதும் அது நாம் உருவாக்கியது என்று பட்டியலில் சொல்லிவிடவேண்டும்.

முதற்பார்வையிலேயே சில ஆபத்துகளை ஒதுக்கிவைக்கவேண்டும். பூஞ்சை பிடித்தவை, வினிகர் வாடை அடிக்கும் ஃபிலிம், குச்சிகளோடு இருக்கும் தீக்குச்சி அட்டைகள், மேற்பரப்பில் பொடிப்பொடியாக வெடிப்புக் கண்ட பழைய பகடைகள் ஆகிய நான்கும் மற்றவற்றோடு ஒரே பெட்டியில் இருக்கக் கூடாதவை. அவற்றைப் பிரிக்கும்போது, எடுத்த இடத்தில் ஒரு தாள்துண்டை வைத்து, இன்ன பொருள் இன்ன பெட்டிக்கு மாற்றப்பட்டது என்று எழுதிவைத்தால் இணைப்பு அறுபடாது.

காலவரிசையும் தேதிக் குறிப்புகளும்

ஒழுங்குபடுத்தத் தொடங்குமுன், விடுதியின் வாழ்க்கை வரிசையை ஒரே தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்வது நல்லது. திறப்பு, விரிவாக்கம், கைமாற்றம், மூடல் ஆகியவற்றின் தேதிகள் இருந்தால் போதும். சாண்ட்ஸை எடுத்துக்கொண்டால், 1967இல் ஹோவார்ட் ஹியூஸ் அதை வாங்கினார். மார்ட்டின் ஸ்டெர்ன் வடிவமைத்த வட்டக் கோபுரம் அதே 1960களில் எழுந்தது. இடையில் வேறு கைகளுக்கும் போய், 1989இல் ஷெல்டன் அடெல்சனிடம் வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடிதத்தாளின் தலைப்பு, நிர்வாகிகளின் கையொப்பம், கோப்பு வைக்கும் முறை ஆகிய எல்லாம் மாறும். கடிதத்தாளில் கோபுரத்தின் படம் அச்சாகியிருந்தால், கோபுரம் திட்டமிடப்படுவதற்கு முந்தைய காலம் தானாகவே நீங்கிவிடும்.

தேதியில்லாத அச்சுப்பொருளுக்குக் காலம் குறிக்க முகவரிப் பகுதியே சிறந்த இடம். ஐந்திலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1963 ஜூலையில்தான் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 89109 போன்ற எண் அச்சாகியுள்ள உணவுப் பட்டியல் அதற்கு முந்தையதாக இருக்க இயலாது. அதனுடன் சிறுகோட்டுக்குப் பின் நான்கு இலக்கங்கள் சேர்ந்திருந்தால் 1983க்குப் பிந்தையது. விடுதியின் முகவரி ‘நெடுஞ்சாலை 91’ என்றிருந்தால் தொடக்க காலத்தையும், ‘லாஸ் வேகாஸ் பூல்வார்டு சவுத்’ என்றிருந்தால் பிந்தைய காலத்தையும் எதிர்பார்க்கலாம். தொலைபேசி எண்ணின் தொடக்கத்தில் எழுத்துகள் இருப்பது முழு எண் முறைக்கு முந்தைய வழக்கம். தீக்குச்சி அட்டையில் உரசும் பட்டை முன்புறம் இருந்தால் அது 1970களுக்கு முந்தைய வடிவமாக இருக்க வாய்ப்பு மிகுதி, ஏனெனில் அந்தப் பத்தாண்டில் பாதுகாப்பு கருதிப் பட்டை பின்புறத்துக்கு மாற்றப்பட்டது. இவற்றில் எந்த ஒன்றும் தனியாகத் தேதியை உறுதிசெய்யாது. அச்சடித்த சரக்கு தீரும்வரை பழைய அட்டைகளையே பயன்படுத்தும் சிக்கனம் பெரிய விடுதிகளிலும் இருந்தது. ஆகவே ‘1963க்குப் பின்’, ‘ஏறத்தாழ 1965–1970’ என்று வரம்பாக எழுதுவதே நேர்மையானது.

தாள்கள்

நெவாடா பாலைவனத்தின் வறட்சி பூஞ்சையைத் தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் கோடைப் பகலில் ஈரப்பதம் பத்து சதவீதத்தை ஒட்டி இறங்கும் கார் கொட்டகையில் இருபது ஆண்டு கிடந்த சுவரொட்டிச் சுருளை ஒரே இழுப்பில் விரித்தால் அது நாணற்குச்சிபோல் முறியும். அத்தகைய சுருளை மிதமான ஈரப்பதமுள்ள அறையில் சில நாள் பழகவிட்டு, அதன் பிறகும் மறுத்தால் தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்துவிடவேண்டும். வைப்பறையில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள்ளும், வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழோ, பெரிய ஏற்ற இறக்கமின்றியும் இருந்தால் போதும். வீட்டில் வைப்பதானால் உட்புற அறையின் அலமாரியே ஏற்றது. பரணும் கொட்டகையும் வேண்டாம்.

ரப்பர் பேண்டுகள் உருகித் தாளோடு ஒட்டியிருக்கும். பிய்த்து எடுக்காமல், ஒட்டாத பகுதியை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு மற்றதை அப்படியே விடலாம். துருப்பிடித்த கிளிப்புகளையும் ஸ்டேப்ளர் பின்களையும் கழற்றும்போது, ஒன்றாகக் கோக்கப்பட்டிருந்த தாள்கள் ஒரு மடித்த தாளுக்குள் ஒன்றாகவே இருக்கவேண்டும். செய்தித்தாள் நறுக்குகள் தம் அமிலத்தால் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். அமிலமற்ற தாளில் அவற்றின் நகலை எடுத்துக் கோப்பில் வைத்து, மூலத்தைத் தனி உறையில் ஒதுக்குவது வழக்கம். 1950, 1960களின் அலுவலகங்களில் புழங்கிய வெப்ப நகல் தாள்களும், பின்னாளைய தொலைநகல் தாள்களும் எழுத்தை இழந்துகொண்டே வருபவை. அவற்றை மற்ற எதற்கும் முன்பாக ஸ்கேன் செய்யவேண்டும்.

கட்டட வரைபடங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளோடு இருக்கும் பழைய நீலப்படிகளின் நிறத்தைக் காரத்தன்மை வெளிறச்செய்யும். ஆகவே சாதாரணக் கோப்புகளுக்கு நாம் விரும்பி வாங்கும் காரம் சேர்த்த உறை அவற்றுக்கு ஆகாது, காரம் சேர்க்காத அமிலமற்ற உறையே வேண்டும்.

புகைப்படங்கள்

இத்தகைய தொகுப்புகளில் மிகுதியாகக் கிடைப்பதும், மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் விளம்பரப் புகைப்படங்களே. சாண்ட்ஸின் விளம்பரப் பொறுப்பாளர் ஆல் ஃப்ரீமன் காலத்தில் நீச்சல்குளத்து நீரிலேயே பகடை மேசையை மிதக்கவிட்டு, சுற்றிலும் நீச்சலுடையில் ஆட்டக்காரர்களை நிறுத்தி எடுத்த 1950களின் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. அது விடுதியின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் படமன்று, பத்திரிகைக்காகவே அரங்கேற்றிய காட்சி. 1960இன் தொடக்கத்தில் பாடகர்கள் ஃப்ராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், சாமி டேவிஸ் ஜூனியர் ஆகியோர் சாண்ட்ஸின் கோப்பா அரங்கில் சேர்ந்து நிகழ்ச்சி நடத்திய நாள்களின் படங்களையும் இதே கண்ணோடுதான் பார்க்கவேண்டும். ஆகவே படத்துக்குக் குறிப்பு எழுதும்போது, படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, அது எதற்காக, எவருடைய ஏற்பாட்டில் எடுக்கப்பட்டது என்பதையும் தெரிந்தவரை எழுதவேண்டும்.

படத்தைத் திருப்பிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். பின்புறத்தில் புகைப்படக்காரரின் அல்லது லாஸ் வேகாஸ் செய்திப் பிரிவின் ஊதா மை முத்திரை, பத்திரிகை வந்துசேர்ந்த தேதியின் ரப்பர் முத்திரை, பசையால் ஒட்டித் தொங்கும் தட்டச்சுக் குறிப்புச்சீட்டு, நெகட்டிவ் எண் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். முன்புறத்தில் மெழுகுப் பென்சிலால் இழுத்த செந்நிறக் கோடுகள், பத்திரிகை எந்தப் பகுதியை மட்டும் அச்சிட்டது என்பதைக் காட்டுகின்றன. இந்தக் கோடுகளை அழுக்கென்று நினைத்துத் துடைத்தால் படத்தின் பயணக் குறிப்பையே துடைத்தெடுத்ததாகும். குறிப்புச்சீட்டு உதிர்ந்திருந்தால் தனியே வைக்காமல், அதே உறையில் இடையே ஒரு தாளிட்டு வைக்கவேண்டும். ஸ்கேன் செய்யும்போது பின்புறத்தையும் ஒரு தனிக் கோப்பாக எடுத்து, அதே எண்ணோடு இணைக்கவேண்டும்.

உறை வாங்கும்போது, உறையின் பொருள் படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் புகைப்பட வினைச்சோதனையில் தேறியது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் உறை வேண்டுமானால் பாலியெஸ்டர் ஏற்றது, பி.வி.சி. ஆகாது. எண்களைப் படத்தின் பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதலாம். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் மேடாகத் தெரியும். ஒட்டும் கோடுகள் இழுத்த அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்கள் படங்களைக் கெடுப்பவை என்றாலும், ஒட்டிக்கொண்ட படத்தைக் கத்தியால் நெம்புவது அதைவிடக் கேடு. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே விட்டுவைக்கலாம்.

நெகட்டிவ்களில் பெரும்பகுதி அசிட்டேட் ஃபிலிமாக இருக்கும். வெப்பத்தில் அது சிதைந்து வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும், மேற்பரப்பில் வாய்க்கால் வாய்க்காலாக மடிப்பு விழும். ஒன்று கெட்டால் அதன் ஆவி பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். நீலத்திலிருந்து பச்சை வழியாக மஞ்சளுக்கு மாறும் சோதனைத் தாள்களை உறைக்குள் வைத்துச் சிதைவின் அளவை அறியலாம். சிதைவு தொடங்கிய ஃபிலிமைக் குளிர்பதனத்தில் வைப்பதும் உடனே ஸ்கேன் செய்வதும் தவிர வேறு மருந்தில்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமின் உற்பத்தி அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. ஆகவே 1941இல் திறந்த எல் ராஞ்சோ வேகாஸ், 1946இல் திறந்த ஃபிளமிங்கோ ஆகியவற்றின் பொருள்களில்தான் அதைப் பற்றி முக்கியமாகக் கவலைப்படவேண்டும். ஒலிநாடா, ஒளிநாடாக்களை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று பழைய கருவியில் போடவேண்டாம். 1970, 1980களின் சில நாடாக்கள் பிசுபிசுத்து ஒரே ஓட்டத்தில் உரிந்துவிடும்.

சிப்களும் பிற பொருள்களும்

சூதாட்ட மேசையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லையான கேசினோ சிப்பின் சட்டநிலை பலருக்கு வியப்பளிக்கும். நெவாடா சூதாட்ட ஒழுங்குவிதிகளின்படி சிப் என்பது அதை வைத்திருப்பவருக்கு உரிமம் பெற்ற நிறுவனம் தரவேண்டிய கடனுக்குச் சான்று. பொருள் என்ற வகையில் அது நிறுவனத்துக்கே உரியது. விடுதி மூடும்போது சிப்களைத் திரும்பப் பெற்றுப் பணம் தருவதற்கும், மிஞ்சியவற்றை அழிப்பதற்கும் ஒரு திட்டத்தை நிறுவனம் கண்காணிப்பு வாரியத்திடம் கொடுத்து, பொதுமக்களுக்கு அறிவிப்பும் தரவேண்டும். திரும்பி வந்தவை அழிக்கப்படுவதால், மாற்றப்படாமல் பைகளில் தங்கியவையே இன்று சேகரிப்பாளர் கையில் இருக்கின்றன. தொகுப்பில் அந்த மீட்பு அறிவிப்போ, அழித்ததற்கான சான்றுத்தாளோ, தயாரிப்பாளரின் ஆர்டர் படிவமோ இருந்தால், அது நூறு சிப்களைவிடப் பெறுமதியுடையது: எந்த மதிப்பில் எத்தனை செய்யப்பட்டன, எத்தனை திரும்பின என்பதை அது மட்டுமே சொல்லும்.

சிப்பை விவரிக்கும்போது மதிப்பு, நிறம், நடுவில் பதித்த அச்சுத்தாளின் எழுத்து, விளிம்பில் செருகிய வண்ணத் துண்டுகளின் எண்ணிக்கையும் நிறமும், வார்ப்பின்போது விளிம்பை ஒட்டி விழுந்த உருவம் ஆகிய ஐந்தையும் எழுதவேண்டும். தொப்பியும் கைத்தடியும் மாறிமாறி வரும் உருவம், சிறு கிரீட உருவம் என ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு வார்ப்பச்சு உண்டு. காலம் குறிக்கவும் போலியைப் பிடிக்கவும் அதுவே முதற்சாட்சி. வழக்கமான விட்டம் ஏறத்தாழ 39 மி.மீ. பொதுவாக 5 டாலர் சிவப்பாகவும், 25 டாலர் பச்சையாகவும், 100 டாலர் கறுப்பாகவும் இருக்கும். மதிப்பே அச்சிடாதவை பெரும்பாலும் சுழல்சக்கர ஆட்டமான ரூலட்டின் மேசைக்குரியவை. களிமண் கலவையில் செய்த சிப்பைத் தண்ணீரில் ஊறவைப்பதும், பளபளப்புக்காக எண்ணெய் தடவுவதும் வேண்டாம். பல கைகள் பட்டு மழுங்கிய விளிம்பு குறையன்று, அது மேசையில் புழங்கியதற்குச் சான்று. விற்பனையில் நல்ல விலை கிடைக்கும் என்று புத்தம்புதிதாக்கிக் காட்டுவோரைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை.

1960களின் நடுப்பகுதிவரை மேசைகளிலும் காசு போட்டு ஆடும் ஸ்லாட் எந்திரங்களிலும் உண்மையான வெள்ளி டாலர்களே புழங்கின. வெள்ளி டாலருக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் விடுதிகள் 1965 முதல் தம் பெயர் பொறித்த உலோக டோக்கன்களை வெளியிட்டன. ஆகவே 1952இல் திறந்த விடுதிக்கு 1950களின் ஒரு டாலர் டோக்கன் இருப்பதாக எவரேனும் சொன்னால் ஐயப்படவேண்டும். டோக்கன்களை பி.வி.சி. உறையில் வைத்தால் பச்சைநிறப் பிசின் படியும்.

சீட்டுக்கட்டுகள் மேசையிலிருந்து நீக்கப்பட்டதும் நடுவில் துளையிடப்படும் அல்லது மூலை வெட்டப்படும். பகடைகளில் குறி அடிக்கப்படும். இந்த நீக்கக்குறி சேதமன்று, அது மேசையில் ஆடப்பட்டதைக் காட்டுவதால் விவரக்குறிப்பில் இடம்பெறவேண்டும். மிகப் பழைய பகடைகள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. உள்ளிருந்து படிகமாக வெடித்து அமிலத்தைக் கசியவிடுபவை. அவற்றைக் காற்றோட்டமுள்ள தனி அட்டைப்பெட்டியில், உலோகமும் தாளும் அருகில் இல்லாமல் வைக்கவேண்டும். தீக்குச்சி அட்டைகளில் ஊக்கை மெல்லத் திறந்து குச்சிகளை நீக்கிவிட்டு, அட்டையை மட்டும் விரித்து வைப்பதே ஆவணக்காப்பகங்களின் பொதுவழக்கம். நீக்குமுன் முழுமையாகப் படமெடுத்துக்கொள்ளலாம். அறைச்சாவியின் தொங்கலில், கண்டெடுத்தவர் அஞ்சல் பெட்டியில் போடலாம், தபால்கட்டணம் உறுதி என்ற வாசகமும் முகவரியும் இருக்கும். தேதி குறிக்க அந்த முகவரி உதவும்.

நடன மங்கையரின் உடைகளை மாட்டித் தொங்கவிட்டால் மணிகளின் பாரத்திலேயே துணி கிழியும். அகலப் பெட்டியில் கிடத்தி, மடிப்புகளில் அமிலமற்ற மெல்லிய தாளைச் சுருட்டி வைக்கவேண்டும். ஸ்லாட் எந்திரம் இருந்தால், அதை விற்குமுன்போ மாநில எல்லை கடத்துமுன்போ சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும்: 1951ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சூதாட்டக் கருவிகளின் மாநிலங்களிடைப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறது, பழங்கால எந்திரத்தை வீட்டில் வைத்திருக்கும் உரிமையோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

போலிகளை இனங்காண்பது

புகழ்பெற்ற விடுதிகளின் பெயரில், அங்கே ஒருநாளும் புழங்காத கற்பனைச் சிப்கள் பின்னாளில் ஏராளமாகச் செய்யப்பட்டன. அவற்றை நல்ல சிப்போடு பக்கத்தில் வைத்து, வார்ப்பச்சின் உருவத்தையும் எடையையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் வெளிப்படும். உணவுப் பட்டியல், நிகழ்ச்சி நிரல் போன்ற தாள்களைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்க்கவேண்டும்: அக்காலப் பல்வண்ண ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான சிறு பூவடிவங்களாக அமையும், இங்க்ஜெட் அச்சில் மை தூவியதுபோல் சிதறியிருக்கும். புறஊதா விளக்கில் தாள் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் அதில் பின்னாளில் தாளில் சேர்க்கத் தொடங்கிய வெண்மையூட்டி இருக்கிறது என்று பொருள். 1941ஆம் ஆண்டின் பட்டியல் என்று சொல்லப்படும் தாளுக்கு அது பெரிய ஐயம், ஆனால் 1960களின் தாளுக்கு அதனால் ஒன்றும் நிறுவப்படாது. எந்தக் கருவியைவிடவும் வலிமையான சான்று, பொருள் வந்த வழியை எழுதிவைத்த அந்த முதல்நாள் குறிப்புதான்.

விவரப் பட்டியல்

பட்டியல் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி என்ற பேராசையில் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். நிர்வாகம், விளம்பரம், அரங்க நிகழ்ச்சிகள், புகைப்படங்கள், கட்டுமானம், நினைவுப்பொருள்கள் என ஐந்தாறு பெரும்பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோப்புறை அளவில் தலைப்பும் தேதி வரம்பும் எழுதினால் பயன்படுத்துவோருக்குப் போதும். பொருள்களுக்கு மட்டும் தனித்தனி எண்ணும் விவரமும் தேவை. பொருள் ஒரு கோப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தால், கோப்பின் வரியில் பொருளின் எண்ணும், பொருளின் வரியில் கோப்பின் எண்ணும் வரவேண்டும். முன்னுரையில் விடுதியின் வரலாறு அரைப்பக்கமும், தொகுப்பு வந்த வழி நான்கைந்து வரிகளும், தொகுப்பில் எது இல்லை என்பது ஒன்றிரண்டு வரிகளும் இருக்கட்டும்.

பெயர்களில் ஒரு சாய்வு இருப்பதைக் கவனிக்கவேண்டும். விளம்பரப் பிரிவின் குறிப்புச்சீட்டில் மேடையில் நிற்பவரின் பெயர் இருக்கும். தட்டேந்தி நிற்பவரின் பெயர் இருக்காது. அறைப் பணியாளர், சமையற்காரர், மேசைப் பணியாளர் ஆகியோரின் பெயர்களை ஊழியர் செய்தித்தாளிலும், சமையல் தொழிலாளர் சங்கத்தின் 226ஆம் கிளையோடு செய்த ஒப்பந்தங்களிலும், பணிவிருந்துப் படங்களிலும் தேடவேண்டும். லாஸ் வேகாஸில் கறுப்பினக் கலைஞர்கள் பெரிய விடுதிகளின் மேடைகளில் பாடியும், பலவற்றில் தங்கவோ உணவருந்தவோ இயலாத நிலை நீடித்தது. இன ஒதுக்கலற்ற மூலான் ரூஜ் விடுதி 1955 மே மாதத்தில் திறந்து அதே ஆண்டில் மூடியது. 1960 மார்ச்சில் எட்டிய உடன்பாட்டுக்குப் பிறகே பெரிய விடுதிகளின் கதவுகள் திறந்தன. அக்காலக் குறிப்புகளில் இழிவான சொற்கள் வந்தால் அவற்றை அழிக்காமல் மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுத்து, நம் விவரத்தை நம் சொற்களில் தனியே எழுதவேண்டும்.

அந்தரங்கமும் உரிமையும்

கேசினோவின் கோப்புகளில் கடன் கணக்குகள் இருக்கும்: எந்த விருந்தினர் எவ்வளவு கடன்சீட்டு எழுதிக்கொடுத்தார், எது வசூலாகவில்லை, எந்த வங்கியில் கணக்கு என்பன போன்றவை. சம்பளப் பேரேடுகளில் ஊழியரின் சமூகப் பாதுகாப்பு எண் இருக்கும். மருத்துவக் குறிப்புகளும் பாதுகாவலர் அறிக்கைகளும் நடுவே கலந்திருக்கும். இவற்றை எவ்வளவு சுவையாக இருந்தாலும் இணையத்தில் ஏற்றக் கூடாது. தனி உறையிலிட்டுக் கட்டுப்பாடுள்ளவை என்று குறித்து, ஏற்கும் நிறுவனத்தின் முடிவுக்கு விட்டுவிடவேண்டும்.

படத்தைக் கையில் வைத்திருப்பதும் அதன் பதிப்புரிமையை வைத்திருப்பதும் வேறுவேறு. அமெரிக்கச் சட்டப்படி, 1963 வரை வெளியான படைப்புக்கு இருபத்தெட்டாம் ஆண்டில் உரிமை புதுப்பிக்கப்படாவிட்டால் அது பொதுவுடைமை. 1977 வரை உரிமைக்குறிப்பின்றி வெளியானவையும் பெரும்பாலும் அவ்வாறே. வெளியிடப்படாமல் கோப்பிலேயே கிடந்த, நிறுவனத்துக்காக ஊழியர் உருவாக்கிய படைப்புக்கோ உருவான நாளிலிருந்து 120 ஆண்டு பாதுகாப்பு உண்டு. ஆகவே பத்திரிகைக்கு அனுப்பி வெளியான படமும், அதே நிமிடத்தில் எடுத்து அனுப்பாமல் விட்ட படமும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு நிலையில் இருக்கலாம். படத்தின் பின்புறத்து முத்திரைகளைக் காக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். கலைஞரின் முகத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த நெவாடாவில் தனி உரிமை வேண்டும்; அது அவர் இறந்தபின்னும் 50 ஆண்டு நீடிக்கிறது.

நிறுவனத்திடம் ஒப்படைத்தல்

லாஸ் வேகாஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவு இத்துறையில் முதன்மையானது. சாண்ட்ஸின் விளம்பரப் பிரிவுப் பதிவேடுகளும், மார்ட்டின் ஸ்டெர்னின் கட்டட வரைபடங்களும் அங்கே உள்ளன. விளம்பரப் பலகைகளுக்கு நியான் அருங்காட்சியகத்தையும், முப்பரிமாணப் பொருள்களுக்கு மாநில அருங்காட்சியகத்தையும் முதலில் கேட்டுப் பார்க்கலாம். எவரிடம் கொடுப்பதானாலும் முன்கூட்டியே எழுதி, பெட்டிகளின் எண்ணிக்கை, தேதி வரம்பு, சில படங்கள் ஆகியவற்றை அனுப்பவேண்டும். வாசலில் இறக்கிவிட்டுப் போவதை எந்த நிறுவனமும் விரும்பாது. அவர்களிடம் ஏற்கெனவே இருப்பவற்றின் மறுபடிகளை ஏற்கமாட்டார்கள் என்பதையும் எதிர்பார்த்திருக்கவேண்டும். அவற்றை விற்பதில் தவறில்லை.

கொடை ஒப்பந்தத்தில் உரிமை மாற்றம், பதிப்புரிமை உங்களிடம் இருந்தால் அதன் நிலை, கட்டுப்பாடுள்ள கோப்புகள் திறக்கும் ஆண்டு, வேண்டாதவற்றைத் திருப்பித்தரும் முறை ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கவேண்டும். வரிச்சலுகை கோருவோர், மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையைத் தாமே பெறவேண்டும். கொடையை ஏற்கும் நிறுவனம் அந்த மதிப்பீட்டைச் செய்ய இயலாது. தாள்களை ஓரிடத்துக்கும் பொருள்களை வேறோரிடத்துக்கும் பிரித்துக் கொடுக்க நேர்ந்தால், முழுப் பட்டியலின் படியையும் கொடுத்தவர் சொன்ன குறிப்பின் படியையும் இரண்டு நிறுவனங்களிடமும் கொடுத்து, மற்றப் பகுதி எங்கே இருக்கிறது என்பதை இரண்டு ஒப்பந்தங்களிலும் எழுதச்செய்யவேண்டும்.